கேசிங்குக்குள் இருக்கும் இரும்புப் பெட்டி

தையல் மெஷினைப் பற்றியும் கோழி வளர்ப்பைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில், கணினிக்குள் இருக்கும் ஒரு இரும்புப் பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். ஆனால் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்களைப் போன்ற பெண்கள் பலர் கணினியை நம்பித்தான் அடுப்பு எரிக்கிறோம். கல்யாண அட்டை வடிவமைக்கிறோம், தட்டச்சு செய்கிறோம், வீடியோ எடிட் செய்கிறோம், பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். கணினி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அதை நிற்காமல் ஓட வைப்பது பவர் சப்ளை என்ற அந்தப் பெட்டிதான். கடையில் அதைப் பற்றி யாரும் பெண்களிடம் கதைப்பதில்லை. கேசிங்கோடு சும்மா வருகிறது என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவள். மற்றவர்கள் மட்டக்களப்பு அக்கா ஒருவரும் மன்னார்த் தங்கச்சி ஒருவரும். மூன்று குடும்பத்துக்கும் பெண்களே தலைமை. பல வருடங்கள் வேறு வேறு கடைகளில் சம்பளத்துக்கு வேலை செய்தபின், 2024இல் வெள்ளவத்தையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொடங்கினோம். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு வீடியோக்களை எடிட் செய்வதும், பழைய படங்களைத் திருத்திக் கொடுப்பதும் எங்கள் தொழில். இப்போதைய கமராக்கள் 4கே அளவில் படம் பிடிக்கின்றன. அதை ஓட்டுவதற்குச் சாதாரணக் கணினி போதாது. நல்ல புரொசெசரும், பெரிய வி.ஜி.ஏ. கார்டும் வேண்டும். சீட்டுக் காசு, அக்காவின் காப்பை அடகு வைத்த காசு, கொஞ்சக் கடன் எல்லாம் சேர்த்து ஆறரை இலட்சம் ரூபா வந்தது. மூன்று வீட்டின் காசு ஒரே கணினியில் போகப் போகிறது. அது எரிந்து போனால் இன்னொன்று வாங்க வழி இல்லை.

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள்

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் மின்சாரம் இருக்கவில்லை. செய்தி கேட்பதற்குச் சைக்கிளை நிறுத்தி வைத்து, பெடலை மிதித்து, டைனமோவில் இருந்து ரேடியோவுக்குக் கரண்ட் கொடுத்த காலம் பல வீடுகளில் ஞாபகம் இருக்கும். மெதுவாக மிதித்தால் ரேடியோவின் சத்தம் தாழ்ந்து போகும். வேகமாக மிதித்தால் கூடுதலான கரண்ட் பாயும். பள்ளத்தில் சைக்கிள் வேகமாக இறங்கும்போது லைட் பல்ப் எரிந்து போனதும் உண்டு. ஒரே சீராக மிதிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் அந்த வேலைக்கு இருத்துவார்கள்.

பவர் சப்ளை செய்யும் வேலையும் அதுவே. சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். கணினியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் நேரோட்டம். அதை மாற்றிக் கொடுப்பது முதல் வேலை. வீதியில் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும், வி.ஜி.ஏ. கார்ட் திடீரென்று கூடுதலாகக் கேட்டாலும், 12 வோல்ட்டை 12 ஆகவே வைத்திருப்பது இரண்டாவது வேலை. பொதுவாக 5 வீதம் மட்டுமே கூடவோ குறையவோ இடமுண்டு. அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். மூன்றாவது வேலை, ஏதாவது பிழைத்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. மலிவான பெட்டிகள் முதல் வேலையை எப்படியோ செய்துவிடும். மற்ற இரண்டிலும்தான் அவை கைவிடுகின்றன.

முன்பு கொட்டாஞ்சேனையில் நான் சம்பளத்துக்கு இருந்த ஒரு கடையில் இதைக் கண்டிருக்கிறேன். முல்லைத்தீவில் இருந்து ஒரு தாய், காணாமல் போன மகனின் படத்தைக் கொண்டு வந்திருந்தார். அடையாள அட்டை அளவுப் படம். தண்ணீரில் ஊறி முகத்தின் ஒரு பக்கம் உரிந்திருந்தது. மூன்று நாள் இருந்து அந்த முகத்தைத் திருத்தி முடித்திருந்தேன். அன்று பின்னேரம் கரண்ட் போய் வந்தபோது ஒரு வெடிச் சத்தம், எரிந்த மணம். பவர் சப்ளை போனதோடு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு போய்விட்டது. விசயத்தைச் சொன்னபோது அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “பிள்ளை, அவன் இன்னொரு தரமும் போயிட்டானோ?” நல்ல வேளையாக மூலப் படம் அவரிடமே இருந்தது. திரும்பவும் மூன்று நாள் இருந்து செய்து கொடுத்தேன். அந்தக் கணினியில் இருந்தது கேசிங்கோடு சும்மா வந்த பெட்டி. வோல்ட் கூடினால் நிறுத்தும் பாதுகாப்பு அதில் இருந்திருந்தால் டிஸ்க் தப்பியிருக்கும் என்று திருத்த வந்த தம்பி சொன்னார்.

லேபிளை வாசிக்கும் விதம்

கணினி வாங்குவதற்கு முன்பே எங்கள் தேவையைத் தாளில் எழுதிக் கூட்டினோம். நாங்கள் தெரிந்தெடுத்த ரைசன் 9 7900எக்ஸ் புரொசெசர் முழு வேகத்தில் 230 வோட் வரை எடுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4070 வி.ஜி.ஏ. கார்ட் 200 வோட். மதர்போர்ட், ரேம், டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 70 வோட் என்று வைத்தோம். மொத்தம் 500 வோட். இந்த வகை வி.ஜி.ஏ. கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தங்கள் அளவை விடக் கூடுதலாகக் கேட்பதுண்டு. அதோடு எந்தப் பெட்டியையும் எப்போதும் உச்சத்தில் ஓட்டினால் சூடேறி ஆயுள் குறையும். ஆகவே 500க்கு மேல் பாதி வைத்து 750 வோட் என்று முடிவெடுத்தோம். 1000 வோட் வாங்கினால் இன்னும் நல்லதல்லவா என்று தங்கச்சி கேட்டாள். தேவைக்கு மிஞ்சிய வோட்டுக்குக் கொடுக்கும் காசை அதே வோட்டில் தரமான பெட்டிக்குக் கொடுப்பது மேல். மூன்று பேருக்குச் சமைக்க முப்பது பேரின் கிடாரம் எதற்கு?

பெட்டிக்கு வெளியே பெரிய எழுத்தில் இருக்கும் வோட்டை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வோட். இன்றைய கணினி எடுக்கும் வலுவில் பெரும் பங்கு இந்த 12 வோல்ட்டில் இருந்தே போகிறது. ஒரு பெட்டியில் 550 வோட் என்று போட்டு, 12 வோல்ட்டுக்கு 22 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 22ஆல் பெருக்க வருவது 264 வோட் மட்டுமே. மிச்சம் வெறும் பேச்சு. நல்ல 750 வோட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 62 அம்பியர் அளவில் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 744 வரும்.

அடுத்து 80 பிளஸ் என்ற முத்திரை. இது 2004இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டம். வெள்ளை, புரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைட்டேனியம் என்று படிகள் உண்டு. சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கணினிக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதே இதன் கணக்கு. கணினி 400 வோட் கேட்கிறது என்று வையுங்கள். வினைத்திறன் 80 வீதமான பெட்டி சுவரில் இருந்து 500 வோட் எடுக்கும். 90 வீதமான கோல்ட் பெட்டி ஏறக்குறைய 444 எடுக்கும். வித்தியாசம் 56 வோட். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் வேலை செய்தால் மாதத்துக்கு 13 அலகு மிச்சம். அலகு கூடக் கூட விலையும் கூடும் எங்கள் மின் பட்டியலில் அது சின்னக் காசல்ல. வெள்ளவத்தை வெக்கையில் அறைக்குள் அவ்வளவு சூடு குறைவதும் ஒரு ஆறுதல்.

ஆனால் கோல்ட் என்பது வினைத்திறனுக்கான முத்திரை, பாதுகாப்புக்கானது அல்ல. பெரிய பெயரும் முழு உத்தரவாதம் அல்ல. 2021இல் உலகம் எங்கும் பெயர் பெற்ற கிகாபைட் நிறுவனத்தின் ஜி.எம். வகைப் பெட்டிகள் இரண்டு, 750 வோட்டிலும் 850 வோட்டிலும், கடும் சோதனையில் வெடிக்கின்றன என்று செய்தி வந்தது. இரண்டுமே கோல்ட் முத்திரை பெற்றவை. சுமை மிஞ்சும்போது நிறுத்தும் அளவு அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு நிறுவனம் அந்த அளவைக் குறைத்து, முன்பு விற்றவற்றை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. ஒரே நிறுவனம் நல்லதும் விற்கும், சுமாரானதும் விற்கும். பல பெயர்களில் வரும் பெட்டிகளைச் சீசோனிக், எப்.எஸ்.பி., சானல் வெல் போன்ற தாய்வான் நிறுவனங்களே செய்து கொடுப்பதும் உண்டு. ஆகவே பெயரோடு நிற்காமல் மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, திறந்து சோதித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே இருக்கும் கொள்ளளவிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். சிறிய பீப்பா போல இருக்கும் இவை சூட்டில் மெல்ல மெல்லக் காய்ந்து போகும். பொதுக் கணக்காக, சூடு 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பார்கள். 85 பாகைக்குச் செய்தவை உண்டு, 105 பாகைக்குச் செய்தவை உண்டு. எங்கள் காலநிலைக்கு 105தான் பொருத்தம். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்கிறது. கணினியை யன்னலுக்கு நேரே வைக்காமல், தரையில் இருந்து சற்று உயர்த்தி, விசிறியின் வாயில் தூசி அடையாமல் பாருங்கள். ஆனால் பவர் சப்ளையைத் திறந்து துடைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அது உயிரை எடுக்கும்.

அக்காவின் காப்பு

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் நிறைய. நாலைந்து கடையில் விலை எழுதி வாங்கினோம். ஒவ்வொரு தாளிலும் புரொசெசருக்கும் வி.ஜி.ஏ. கார்டுக்கும் முழுப் பெயர் இருந்தது. பவர் சப்ளைக்கு மட்டும் “750 வோட்” என்று இருந்தது. என்ன மாதிரி என்று ஒரு கடையில் கேட்டேன். “அது நாங்க நல்லதா பார்த்துப் போடுவம் அக்கா. யார் பாவிக்கிறது, தம்பியா?” என்றார் அங்கிருந்த பையன். “இல்லைத் தம்பி, நாங்கதான்” என்றேன். பிறகு அவர் பெட்டியைக் கொண்டு வந்து லேபிளைக் காட்டினார். நாங்கள் அம்பியரைப் பெருக்கிப் பார்த்ததைக் கண்டபின் அவருடைய கதையும் மாறியது. அதன்பின் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்டால் சொல்லுவார்கள், சகோதரிகளே. கேட்க வேண்டும்.

நாங்கள் விரும்பிய கோல்ட் பெட்டி 38,000 ரூபா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “என்ர காப்பு ஸ்கிரீனுக்குப் போகட்டும். கூறைச் சேலையின்ர நிறம் சரியா தெரியாட்டி யார் எங்களிட்ட வருவினம்? கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்கு இவ்வளவு காசோ?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் கதைத்தோம். கடைசியில் ஸ்கிரீனில் கை வைக்கவில்லை. கலர் லைட் எரியும் கண்ணாடிக் கேசிங்கை விட்டுச் சாதாரண கறுப்புக் கேசிங் எடுத்ததில் 14,000 மிச்சம். 2 டெராபைட் டிஸ்க்குக்குப் பதில் 1 டெராபைட் எடுத்ததில் 24,000 மிச்சம். கணக்கு நேராகியது. டிஸ்க்கைப் பிறகு ஒரு கல்யாண வீட்டுக் காசில் கூட்டலாம். எரிந்து போன கணினியை எந்தக் கல்யாண வீட்டுக் காசிலும் மீட்க முடியாது.

சுவரில் இருப்பதும் சரியாக இருக்க வேண்டும்

கணினியை அறைக்குக் கொண்டு வந்து பூட்டியபோது கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்றது. பவர் சப்ளை பழுது என்று தங்கச்சி பயந்தாள். பழுது சுவரில் இருந்தது. பவர் சப்ளையின் வாயில் இரைச்சலை வடிகட்டும் சிறிய கொள்ளளவிகள் இருக்கும். அவை ஏர்த் வயருக்குத் தொடுக்கப்பட்டவை. ஏர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு போக இடமில்லாமல், 230இல் பாதி அளவு வோல்ட் கேசிங்கிலேயே நிற்கும். வயர்மன் ஒருவரைப் பிடித்துப் பிளக் பொயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது ஏர்த் வயர் உள்ளே அறுந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினோம். அவரும் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் இதை முதலில் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி ஓட்டுவது, ஏர்த்தை நாங்களே அறுப்பதற்குச் சமம்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை யார் மறப்பார்? கரண்ட் போவதை விட, திரும்பி வரும்போது எழும் திடீர் வோல்ட்தான் கணினிக்கு எதிரி. யூ.பி.எஸ். வாங்கும்போது அதிலுள்ள வி.ஏ. கணக்கை வோட் என்று நினைக்க வேண்டாம். 650 வி.ஏ. என்று விற்பவை பெரும்பாலும் 360 முதல் 390 வோட் வரையே தாங்கும். எங்களுடையதற்கு 1500 வி.ஏ., அதாவது 900 வோட் தாங்குவது எடுத்தோம். கரண்ட் போனதும் யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறச் சில மில்லி செக்கன் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது பவர் சப்ளையே. தரமானது முழுச் சுமையிலும் ஏறக்குறைய 16 மில்லி செக்கன் தாங்கும். மலிவானது தாங்காது. யூ.பி.எஸ். இருந்தும் கணினி நின்று போகிறது என்று சிலர் முறையிடுவதற்கு இது ஒரு காரணம். சில பெட்டிகள், மலிவான யூ.பி.எஸ். தரும் படிக்கட்டு அலையோடு ஒத்துப் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. முடிந்தால் இரண்டையும் கடையிலேயே பூட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடு முழுவதும் கரண்ட் போன அந்த நாள். முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாங்கள் ஒரு கல்யாண வீடியோவை முடித்துக்கொண்டிருந்தோம். யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது. தங்கச்சி பதறாமல் வேலையைச் சேமித்து, கணினியை ஒழுங்காக நிறுத்தி, பிளக்கையும் கழற்றினாள். திரும்பி வந்த கரண்ட் சீரான பிறகு பூட்டி, மிச்சத்தைச் செய்தோம். செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டிய வீடியோவைச் செவ்வாய்க்கிழமையே கொடுத்தோம். அடுத்த மாதத்தில் அக்காவின் காப்பும் மீண்டு வந்தது.

கடைக்குக் கொண்டு போகும் தாள்

கணினி வாங்கப் போகும் சகோதரிகள் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புரொசெசரும் வி.ஜி.ஏ. கார்டும் உச்சத்தில் எடுக்கும் வோட்டைக் கூட்டி, மற்றவற்றுக்கு 70 சேர்த்து, அதோடு பாதி வையுங்கள். விலைத் தாளில் பவர் சப்ளையின் முழுப் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பெருக்கிப் பாருங்கள். வோல்ட் கூடினால், வோல்ட் குறைந்தால், சுமை மிஞ்சினால், ஷோர்ட் ஆனால், சூடு ஏறினால் தானாக நிற்குமா என்று கேளுங்கள். பெட்டியில் 10 வருடம் என்று அச்சடித்திருந்தாலும், கொழும்பில் உள்ள முகவர் எத்தனை வருடத்துக்குப் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பிறகு எப்போதாவது பவர் சப்ளையை மாற்றினால், அதோடு வந்த வயர்களையே பாவியுங்கள். பழைய பெட்டியின் வயர் பொருந்துவது போல இருந்தாலும் உள்ளே ஒழுங்கு வேறாக இருக்கலாம். டிஸ்க் எரிந்துவிடும்.

பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் 1977 என்ற இலக்கத்தில் அந்தச் சபையிடம் சொல்லலாம். பில் மங்கிப் போகும் தாளில் இருந்தால் அன்றைக்கே ஒரு போட்டோ பிரதி எடுத்து வையுங்கள். எங்கள் பில்லின் பிரதி, அறைச் சாவியோடு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கும் கோவையில் இருக்கிறது.